பத்தாயிரம் அடிக்குக் கீழே

ஜனவரி 11

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா? அந்த எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியதே, வடிந்ததா? இங்கே இருவரும் நலம். உன் அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனில் வாயைத் திறந்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கன்ட்ரோல் டவரோட பேசிட்டிருக்கேன், கொஞ்சம் மெதுவா" என்று குரல் வருகிறது. எந்த டவர் என்று கேட்காதே. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற டவர்.

கதை இதுதான். உன் அத்தான் விமானம் ஓட்டப் போகிறாராம். பகல் முழுக்க மின்சார மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கிற மனுஷன், சாயங்காலம் வந்து ஓட்டுவதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காக்பிட் கட்டுகிறார். பைலட் உட்காருகிற முன்கூண்டு. பிளைவுட்டில், நிஜ அளவில், இரண்டு சீட்டோடு. எங்கே கட்டுகிறார் என்கிறாய்? என் தையல் அறையில். என் மிஷின் இப்போது குளியலறை வாசலில் நிற்கிறது. சோபா உறைக்கு நான் வெட்டிப் போட்ட துணியை ஈரக் காலோடு மிதித்துக்கொண்டு போகிறார், வருகிறார். ஒரு 'அடடா' கூடக் கிடையாது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது, தரையெல்லாம் தண்ணீர் என்று மழைக்காலத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வாஷர் மாற்றினால் முடிந்தது. கேட்டால், "ஒரு நிமிஷம்". அவருடைய அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஒரு வீட்டுக்கே திரைச்சீலை தைத்து முடித்துவிடுவேன். ஆனால் கூண்டின் கூரையில் மட்டும் எத்தனை குட்டி விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் ஒயர், ஒவ்வொரு ஒயருக்கும் லேபிள்! சீ என்று ஆகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் தலைவலியும் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே, வார்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "ஆம்பளைங்களுக்கு இந்த வயசுல ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். குடி இல்ல, சீட்டு இல்ல. வீட்டுக்குள்ளேயே பறக்குற புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் எங்கள் தலைமை நர்ஸ்.

நானும் அதையேதான் சொல்வேன். குழாய்க்கு ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு முடி. கேப்டன் அத்தானுக்கு என் சல்யூட்டைச் சொல்லு. தையல் அதிகம் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. கண்ணுக்கு மருந்து விடுகிறாயா?

உன் சின்னு


மார்ச் 16

சின்னவளுக்கு,

நலமா? கண்ணுக்கு மருந்து விடுகிறேன். கண்ணுக்கு முன்னால் நடப்பதற்குத்தான் மருந்து இல்லை. உன் தலைமை நர்ஸை ஒரு வாரம் இங்கே அனுப்பி வை.

பிளம்பர் வந்தார். இவர் வாசலிலேயே மறித்து, "வாஷர் வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை நானே மாத்திடுவேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தன் வீட்டுக் குழாயை இன்னொருத்தன் தொட்டால் கௌரவம் போய்விடுமாம்.

இதைக் கேள். உடைத்துப் போட்ட பழைய விமானத்திலிருந்து ஒரு சீட் வாங்கி வந்தார். "நிஜ பைலட் உக்காந்த சீட்டு!" என்று தடவித் தடவிக் காட்டினார். புது உறை தைக்க வேண்டியது நான். பழைய உறையைப் பிரித்தேன். சொல்லவே நாக்கு கூசுகிறது. எத்தனை பேருடைய வேர்வையோ ஊறி ஸ்பாஞ்செல்லாம் மஞ்சள். இடுக்கில் நகத்துண்டு, முடிக்கற்றை, கல்லாகிப்போன சூயிங்கம், பல் குத்திய குச்சி. இரண்டு தடவை ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால், "நூல் கலர் மாறிடக்கூடாது, ஒரிஜினல் மாதிரியே இருக்கணும்" என்கிறார். வாந்தி எடுத்தது அவர் காதிலேயே விழவில்லை.

இப்போது இரண்டாவது சீட்டில் நான். விமானத்தில் இரண்டு பேர் இருந்தால்தான் முறையாம். நான் ஒரு அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், அவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் பதில் சொல்வார். உன்னிடம் மறைப்பானேன், முதல் நாள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. "வா, பக்கத்துல உக்காரு" என்று இந்த மனுஷன் சொல்லி எத்தனை வருஷமாகிறது!

அந்தச் சந்தோஷம் அன்றைக்கே செத்தது. பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் விமானத்தைத் தவிர வேறு பேச்சே பேசக்கூடாதாம். "காஸ் தீர்ந்துபோச்சு" என்றேன். விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளையை அடக்குவதுபோல. பேசித்தான் ஆக வேண்டும் என்றால், அதாவது ஆபத்து என்றால், 'மேடே' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்களாம். எனக்கு அதை ஒப்பிக்கச் சொல்லி வேறு பார்த்தார்.

நான் சமையலறையில் இருக்கும் நேரத்துக்காக அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறார். மைக் எப்போதும் திறந்தே இருக்கும். நான் முணுமுணுப்பதுகூட அவர் ஹெட்செட்டுக்குப் போய்விடும். இனிமேல் சமைக்கும்போது திட்டவும் முடியாது. அதுதான் உன்னிடம் கொட்டுகிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 4

மைத்துனிக்கு அத்தான் எழுதுவது.

நலம். நலம் அறிய ஆவல். ஓர் உதவி. உங்கள் ஊர் விமான நிலையத்துக்குப் பின்பக்கம் பழைய விமானங்களைப் பிரித்து விற்கும் காயலான் கடை ஒன்று இருக்கிறது. அங்கே பைலட் தலைக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் பலகை ஒன்று எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி, நன்றாகச் சுற்றி, பார்சலில் அனுப்பி வைக்கவும். எந்த ஸ்விட்சையும் தட்டிப் பார்க்க வேண்டாம்.

இந்தப் பலகை வந்துவிட்டால் காக்பிட் முழுமை பெற்றுவிடும். இவ்வளவு துல்லியமாக யாரும் வீட்டில் கட்டியதில்லை என்று எங்கள் இணையக் குழுவில் பேச்சு. உன் அக்கா அருமையான கோ-பைலட். குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவாக வர வேண்டும், சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உடல்நலம் பேணவும்.

அத்தான்


மே 2

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால், "நல்லா இருக்கேன், வச்சிடறேன்" என்கிறாய். பின்னால் அத்தான் யாருக்கோ இறங்க அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்ட பலகையை அனுப்பிவிட்டேன். அந்தக் கடையை நீ பார்க்க வேண்டுமே! கிரீஸும் எலிப் புழுக்கையும் கணுக்கால் வரை. பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு பல்லி, செத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டு. கடைக்காரர் அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே கையால் எனக்கு டீ நீட்டினார். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை. உனக்காகத்தான் செய்தேன். அந்தக் கூண்டு முடிந்தாலாவது உனக்கு விடிவு வரும் என்று நினைத்தேன்.

இரண்டு வரியாவது எழுது.

சின்னு


ஜூன் 7

சின்னு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு முறிவு. கணுக்காலில் சுளுக்கு. அத்தான் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். மாவுக்கட்டு போட்டிருக்கிறது. தையல் இப்போதைக்கு இல்லை. நீ கவலைப்படாதே, ஓடி வராதே.

அக்கா


ஜூன் 13

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலி எப்படி இருக்கிறது? விரல் நுனிகளை அசைக்க முடிகிறதா?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நான் தினமும் உடைந்த கைகளைப் படம் எடுக்கிறவள். உடனே வருகிறவர்கள் கையில் மோதிரம் சோப்புத் தண்ணீர் போட்டால் கழன்று வந்துவிடும். வெட்டி எடுக்கிற அளவுக்கு விரல் வீங்க நேரம் ஆகும். 'உடனே' என்று எழுதியிருக்கிறாயே, அந்த 'உடனே' எவ்வளவு நேரம்?

சின்னு


ஜூலை 1

மைத்துனிக்கு அத்தான் எழுதுவது.

நலம். உன் அக்காவுக்கு நீ எழுதியதற்கு அவள் இன்னும் பதில் போடவில்லை என்று தெரிகிறது. கை அப்படி. அதனால் நான் எழுதுகிறேன். முதலில் நன்றி. நீ அனுப்பிய பலகை அற்புதம். எல்லா ஸ்விட்சும் உயிரோடு இருக்கின்றன.

அதைப் பொருத்தி முதல் பயணம் போன அன்றுதான் அவள் விழுந்தாள். நீ பதறாமல் இருக்க நடந்ததைச் சொல்கிறேன். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆறாயிரம் அடி. பலத்த பக்கவாட்டுக் காற்று. ஹெட்செட்டில், "என்னங்க" என்றாள். "ஸ்டாண்ட் பை", அதாவது பொறு, என்றேன். மறுபடியும், "என்னங்க, விழுந்துட்டேன்" என்றாள். மறுபடியும் "ஸ்டாண்ட் பை" என்றேன். நீயே சொல், தரை தெரிகிற நேரத்தில் எந்தக் கேப்டன் எழுந்து போவான்? பிறகு அழுகைச் சத்தம் வந்தது. அது தகவல் ஆகாது.

அதற்குப் பிறகுதான் உன் அக்கா என்னை அசர வைத்தாள். அந்த வலியிலும் முறை தவறாமல், தெளிவான குரலில், "மேடே, மேடே, மேடே" என்றாள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே இறங்குவதைக் கைவிட்டு, விமானத்தை மேலே ஏற்றி, ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டு, எழுந்து போனேன். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குமேல் இருக்காது. குழுவில் இதை எழுதினேன், ஒரே கைதட்டல். இப்படி ஒரு கோ-பைலட் யாருக்கும் வாய்க்காது என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

உடல்நலம் பேணவும்.

அத்தான்


ஜூலை 6

அக்கா,

அவர் எனக்கு எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். எழுதக்கூடாத எதையோ எழுதுகிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

தூ! எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. இதுவரை எழுத்தில் கூட அவரை மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். காயலான் கடையில் செத்த பல்லியைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தேனே, அது எவ்வளவோ தேவலை. அந்தப் பலகையைத் தோளில் சுமந்து போய்ப் பார்சல் போட்டதும் நான்தான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நான் சொல்வதைக் கேள். மறு கடிதம் எழுதாதே, யோசிக்காதே. இங்கே கிளம்பி வா. என் அறை சின்னதுதான். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கிறது.

சின்னு


ஜூலை 12

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்துபோய்விட்டதே. இடது கைக்கு இப்போது எழுத்து பழகிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அரை மணி நேரமாம்! குழாயிலிருந்து சொட்டின தண்ணீரில் என் முதுகு முழுக்க நனைந்து, பாவாடை நனைந்து, தலைமயிர் நனைந்து கிடந்தேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை. கையைப் பார்த்தால் அது என் கை மாதிரியே இல்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு "ஸ்டாண்ட் பை", டவருக்கு நாலு வார்த்தை. டவரோடு மட்டும் எவ்வளவு மரியாதை, எவ்வளவு பணிவு!

விழுந்ததை மறைக்கவில்லை, அவர் வராததை மறைத்தேன் என்று நினைத்திருப்பாய். அதுகூட இல்லை. நான் மறைத்தது அந்த வார்த்தையை. முதலில் "என்னங்க" என்றேன். கெஞ்சினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் அழுகையை நிறுத்தி, நன்றாக யோசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னேன். பெண்டாட்டி கூப்பிட்டால் வராதவர் கோ-பைலட் கூப்பிட்டதும் ஓடி வந்தார். வந்து குனிந்து, "சபாஷ், கரெக்டா சொன்ன" என்றார். அப்புறம்தான் என் கையைப் பார்த்தார்.

கட்டின புருஷனை வரவழைக்க அவருடைய விளையாட்டுப் பாஷையில் நான் கூப்பிட்டேனே, அந்த அசிங்கம் ஒட்டிக்கொண்டு போக மாட்டேனென்கிறது. அவரைப் பார்த்தால் குமட்டுகிறது என்றால் சரி. கண்ணாடியில் என் வாயைப் பார்த்தாலும் குமட்டுகிறது.

கட்டுப் பிரித்ததும் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அக்கா


செப்டம்பர் 8

அன்புள்ள மனைவிக்கு,

சின்னு வீட்டில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கைக்குப் பயிற்சி கொடுக்கிறாயா? இங்கே எனக்குச் சாப்பாடு ஏதோ நடக்கிறது.

நீ போன நாளிலிருந்து ஒரு விமானமும் கிளம்பவில்லை. இரண்டு பேர் இல்லாமல் ஓட்டுவது முறை இல்லை. அந்தக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, உன் பக்கத்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ தைத்த உறை. ஒரு தையல்கூடக் கோணவில்லை. அப்போது தோன்றியது, நான் செய்தது தப்பு. உன்னைத் தரையில் போட்டுவிட்டு வானத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன்?

எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். குழுவில் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உன் மிஷின் பழையபடி ஜன்னலோரம் நிற்கிறது, எண்ணெய் போட்டிருக்கிறேன். சமையலறை மைக்கையும் கழற்றிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. வந்துவிடு. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் கணவன்


செப்டம்பர் 20

சின்னவளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கால்வலி எப்படி இருக்கிறது? நான் இல்லாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

"போகாதே" என்று நீ ஸ்டேஷனில் கையைப் பிடித்தாய். "மனுஷன் முதல் தடவையா தப்புன்னு எழுதியிருக்கார், ஒரு தடவை போய்ப் பாக்கிறேன்" என்று உதறிக்கொண்டு வந்தேன். அவர் எழுதினதில் பொய் இல்லை. அறை பளிச்சென்று இருந்தது. மிஷின் ஜன்னலோரம்தான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. வாசலில் நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "கை எப்படி இருக்கு?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு இளகிவிட்டது. இருந்துவிடலாம் என்றே நினைத்துவிட்டேன். டீ போடச் சமையலறைக்குப் போனேன்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவ்வளவு பெரிய கூண்டைப் பிரித்த கை, சுண்ணாம்பு அடித்த கை, அந்த வாஷரை மாற்றவில்லை. நான் விழுந்த இடத்தில் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்திருந்தார், தண்ணீரை உறிஞ்ச. துண்டைத் தாண்டிக்கொண்டு போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். சரி, மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பால் பொங்கி வந்தது. என் கைக்கு இன்னும் பாத்திரத்தைப் பிடிக்கிற பலம் வரவில்லை, உனக்குத் தெரியும். "என்னங்க, கொஞ்சம் வாங்களேன், பாலை இறக்கணும்" என்றேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. சத்தியமாக.

அந்த வெறும் அறையிலிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம்!"

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. காஸை மூடிவிட்டுப் போய்ப் பார்த்தேன். முட்டி போட்டுக்கொண்டு சுவரோரம் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ரயில் இன்ஜின் கேபின்னா ஆறடி போதும். அதுக்கு ஒரே ஆள் போதும், உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன். மிஷினை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கலாம்ல?"

கோபம்கூட வரவில்லை, சின்னு. அழுகிய பழத்தைக் கடித்துவிட்டால் துப்பத்தானே தோன்றும், திட்டவா தோன்றும்? பிரிக்காத பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவுச் சத்தத்துக்குக்கூட அவர் தலையைத் தூக்கவில்லை.

இதை மாடி வீட்டு டீச்சரம்மா மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை மிஷினை ஏற்ற வண்டி சொல்லியாகிவிட்டது. அவருக்கும் சொல்லுவேன், என்ன பயம். வியாழக்கிழமை அதுவும் நானும் அங்கே வந்து சேருவோம். உன் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி ஜன்னலோரம் இடம் பண்ணி வை. வாசலுக்கு வந்து நில், ஒற்றைக் கையால் என்னால் இறக்க முடியாது.

கீழே இப்போதுதான் டேப்பை வைத்திருக்கிறார்போல. "எங்க இருக்க? டீ ஆச்சா?" என்று கூப்பிடுகிறார். இது நான்காவது தடவை. குரலில் பதற்றம் வந்துவிட்டது, டீச்சரம்மா பேனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

கூப்பிடட்டும். கடிதத்தை முடித்து, உறையில் போட்டு, முகவரி எழுதிவிட்டுப் போகிறேன். ராத்திரி படுக்கும்போது காலை வெந்நீரில் வை.

உன் அக்கா